கிளவுடுக்கு மாறும்போது நிறுவனத் தரவைப் பாதுகாப்பது எப்படி?

கிளவுட் என்பது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினி, சேமிப்பு வசதி. அதைத் தரும் சேவை நிறுவனம் தன் கட்டடத்தையும் கருவிகளையும் காக்கும். அங்கே நாம் வைக்கும் தரவையும், அதை யார் திறக்கலாம் என்ற முடிவையும் காப்பது நம் பொறுப்பு. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய மூன்றுமே இந்தப் பொறுப்புப் பகிர்வைத் தங்கள் ஆவணங்களில் தெளிவாக எழுதியிருக்கின்றன. என் கணிப்பில், இடமாற்றத்துக்கென்று "தற்காலிகமாக" உருவாக்கப்படும் நகல்களும், கடவுச்சாவிகளும் (நிரல்கள் உள்நுழையப் பயன்படுத்தும் ரகசியக் குறியீடுகள்), அனுமதிகளும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவை. வேலை முடிந்தபின் அவற்றை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

படி 1: என்ன இருக்கிறது என்று பட்டியலிடுங்கள்

வாடிக்கையாளர் விவரம், சம்பளக் கணக்கு, ஒப்பந்தங்கள் போன்றவை தரவுத்தளத்தில் மட்டும் இருப்பதில்லை. பழைய பேக்கப்களிலும், யாரோ அறிக்கைக்காக இறக்கிவைத்த எக்செல் கோப்புகளிலும், லாக் கோப்புகளிலும் (கணினி தன் செயல்பாடுகளைக் குறித்துவைக்கும் கோப்புகள்) அவை ஒட்டிக்கொண்டிருக்கும். தேவையற்றதை எடுத்துச் செல்லாதீர்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டியதில்லை என்றால் இப்போதே அழித்துவிடலாம்.

படி 2: தரவு போய்ச் சேரும் முன் இடத்தைப் பூட்டுங்கள்

முதன்மை நிர்வாகக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, அன்றாட வேலைக்கு வேறு கணக்குகளைப் பயன்படுத்துங்கள். சேமிப்பகம் பொதுவெளிக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அமேசானின் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையில் 2023 ஏப்ரல் முதல் புதிய சேமிப்பகங்கள் இயல்பாகவே மூடப்பட்டு வருகின்றன. அதற்கு முன் உருவாக்கியவற்றை நீங்களே சரிபார்க்க வேண்டும்.

படி 3: அனுமதிகளைக் குறுக்குங்கள்

2019-இல் கேப்பிட்டல் ஒன் வங்கியின் கிளவுட் சேமிப்பகத்திலிருந்து சுமார் 10.6 கோடி பேரின் விவரங்கள் திருடப்பட்டன. தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வால் (இணையத்திலிருந்து வருவதை வடிகட்டும் தடுப்பரண்) நுழைவழியாக அமைந்தது உண்மைதான். ஆனால் அந்த வழியாகக் கிடைத்த அனுமதிக்குச் சேமிப்பகங்களைப் பட்டியலிடவும் படிக்கவும் உரிமை இருந்ததால்தான் இழப்பு அவ்வளவு பெரிதானது. ஆகவே, இடமாற்றக் கருவிக்குப் பழைய இடத்தில் படிக்கும் உரிமை மட்டும், புதிய இடத்தில் குறிப்பிட்ட ஒரே சேமிப்பகத்தில் எழுதும் உரிமை மட்டும், அதுவும் காலாவதி நாளோடு கொடுங்கள். கடவுச்சாவியை நிரலுக்குள் எழுதவே கூடாது.

படி 4: குறியாக்கம்

சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவதே குறியாக்கம். தரவு இணையத்தில் பயணிக்கும்போது அதைக் குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் என்ற நெறிமுறையின் 1.2 அல்லது 1.3 பதிப்பு போதும்; 1.0, 1.1 ஆகிய பழைய பதிப்புகள் 2021-இல் முறைப்படி கைவிடப்பட்டன. சேமித்த தரவின் குறியாக்கத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சேவை நிறுவனம் தானாகச் செய்யும் குறியாக்கம், வட்டைத் திருடுபவரிடமிருந்து காக்குமே தவிர, படிக்கும் அனுமதியைக் கைப்பற்றியவரிடமிருந்து காக்காது. அவர் கேட்டவுடன் சேவையே தரவை விடுவித்துக் கொடுத்துவிடும். எனவே முக்கியத் தரவுக்கு உங்கள் கட்டுப்பாட்டிலுள்ள தனிச் சாவியை உருவாக்கி, அதைப் பயன்படுத்தும் உரிமையைத் தரவைப் படிக்கும் உரிமையிலிருந்து பிரித்து வையுங்கள். அந்தச் சாவியை அழித்தால் தரவும் போய்விடும் என்பதால், அழிப்பதற்கு அமேசான் 7 முதல் 30 நாள் வரை காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறது.

படி 5: சிறிதாக ஒத்திகை பாருங்கள்

ரகசியமற்ற ஒரு பகுதியை முதலில் அனுப்புங்கள். கோப்புகளை ஷா-256 மதிப்பால் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்) ஒப்பிடலாம். தரவுத்தளத்துக்கு வரிசை எண்ணிக்கையையும் தொகைகளையும் ஒப்பிடுங்கள். சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர் பெயர்கள் வேண்டாம்.

படி 6: மிச்சத்தைத் துடையுங்கள்

புதிய இடத்தின் பேக்கப்பிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்று செய்து பார்த்தபின், தற்காலிக அனுமதிகளை நீக்கி, இடமாற்றத்தின்போது தரவை வைத்திருந்த இடைச் சேமிப்பகத்தை அதன் பழைய பதிப்புகளோடு சேர்த்து அழியுங்கள். பழைய இடத்தில் எஸ்எஸ்டி (சிப்களில் சேமிக்கும் வகை) வட்டுகள் இருந்தால், அவற்றில் மேலெழுதி அழிப்பதை நம்ப முடியாது. முன்பே குறியாக்கம் செய்திருந்தால் சாவியின் எல்லா நகல்களையும் அழிப்பது நல்ல வழி, இல்லையென்றால் வட்டு உற்பத்தியாளர் தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அன்றே அணுகல் பதிவுகளையும் பாருங்கள்: அமேசானின் கிளவுட்டிரெயில் என்ற பதிவுச் சேவை, கோப்புகளை யார் படித்தார்கள் என்பதைத் தானாகப் பதிவதில்லை, அதைத் தனியே இயக்க வேண்டும்.