சட்டை உரிக்கும்போது கை வைக்காதீர்கள்

சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லி நாக்கை நீட்டித் தன் கண்ணையே நக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூடித் திறக்கும் இமை இல்லை. தூசி பட்டால் நாக்குதான் துணி. வீட்டில் வளர்க்கும் ஊர்வனவும் இப்படித்தான், தங்கள் சுத்தத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, உதவுகிறேன் என்று நடுவில் புகுவதால் வருகிறது.

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியைப் புதிதாக வளர்ப்பவர்கள் முதலில் பதறுவது அதன் தோலைப் பார்த்துத்தான். நேற்றுவரை மஞ்சளாக இருந்தது இன்று சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். அப்புறம் தன் தோலைத் தானே வாயால் கவ்வி இழுத்து, விழுங்கியும் விடும். பசிக் கொடுமை இல்லை, நோயும் இல்லை, வழக்கமே அதுதான். அந்த நாட்களில் சில கெக்கோக்கள் இரையைச் சீண்டாது. வாயில் திணிக்க வேண்டாம்.

தொங்கும் தோலைப் பிடித்து இழுப்பதுதான் பெரிய தவறு. கை துறுதுறுக்கும், தெரியும். ஆனால் கீழே இருக்கும் புதுத் தோல் இன்னும் தயாராக இல்லையென்றால் அதுவும் சேர்ந்து கிழியும்.

சரி, இழுக்கவில்லை. அதற்காகத் திரும்பியும் பார்க்காமல் விட்டால் அது வேறு தவறு. உடம்பெல்லாம் உரிந்திருக்கும், விரல் நுனியில் மட்டும் மெல்லிய வளையமாகப் பழைய தோல் ஒட்டியிருக்கும். காயக் காய அது நூலால் கட்டியதுபோல் இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கடைசியில் விரலே உதிர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை உரித்து முடித்ததும் விரல்களை எண்ணிப் பாருங்கள். ஒட்டியிருந்தால், கால் மட்டும் நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம் விட்டு, ஈரமான பட்ஸால் மெதுவாக உருட்டுங்கள். வராவிட்டால் மறுநாள் பார்க்கலாம். இந்தத் தொல்லையே வராமலிருக்க, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, உள்ளே ஈர டிஷ்யூ பேப்பரைப் போட்டு வைத்தால் போதும். பாலைவனத்துப் பிராணிக்கு எதற்கு ஈரம் என்று அதை விட்டுவிடுபவர்களே அதிகம்.

பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு சட்டை உரிக்கும் முன் அதன் கண்கள் நீலம் கலந்த பால்நிறமாக மாறும். கண் நோய் என்று சொட்டு மருந்து விடாதீர்கள். அந்த நேரத்தில் அதற்குப் பார்வை மங்கல், தூக்கினால் மிரளும். உரித்த சட்டையைத் தூக்கிப் போடும் முன் தலைப் பக்கத்தைப் பாருங்கள். கண்ணை மூடியிருந்த இரண்டு வட்டச் செதில்களும் அதில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் ட்வீசரை எடுக்காதீர்கள், கண்ணே பழுதாகிவிடும். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரின் வேலை அது.

செங்காது ஆமையின் ஓட்டுத் தகடுகள் ஒவ்வொன்றாக உரியும். நெம்பி எடுப்பதும் எண்ணெய் பூசுவதும் வேண்டாம். ஏறிக் காய ஒரு கல்லும் வெயிலும் போதும். தொட்டியை மட்டும் சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள், ஆமையிடமிருந்து சால்மோனெல்லா கிருமி பரவும்.