கெர்னல்ல சிப்புக்கான கோடை தனியா பிரிக்கிறது எப்படி

போன வாரம் சேலம் அஸ்தம்பட்டில நம்ம ஜூனியர் தம்பி ஒருத்தன் தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய் வச்சது) சாப்ட்டுகிட்டே அவன் எழுதுன குட்டி கெர்னலை, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதியை, காட்டுனான். எக்ஸ்86ல (பிசில இருக்கிற இன்டெல், ஏஎம்டி சிப் வகை) சூப்பரா ஓடுது, ரிஸ்க்-ஃபைவ்ங்கிற வேற சிப் வகைக்கு மாத்தணுமாம், எந்த ப்ராசஸ் ஓடணும்னு முடிவு பண்ற ஸ்கெட்யூலர் ஃபைலை திறந்தா நடுவுல சிஆர்3 ரெஜிஸ்டர் உக்காந்திருக்கு, அது பேஜ் டேபிள் (ப்ராசஸோட அட்ரஸை நிஜ மெமரியோட பொருத்துற பட்டியல்) எங்க இருக்குன்னு வச்சிருக்கிற எக்ஸ்86 சமாச்சாரம். லேயர்னா இந்த செட்டு மாதிரிதானே ணான்னு ஆரம்பிச்சான், சாப்பிடுடான்னுட்டேன்.

முதல்ல ஒவ்வொரு வரியையும் பாத்து, வேற சிப்லயும் இது அப்படியே நிக்குமான்னு கேளுங்க. அடுத்து எந்த ப்ராசஸ் ஓடணும்னு முடிவு பண்றது எங்கயும் ஒன்னுதான், அது பொது. ரெஜிஸ்டரை சேவ் பண்ணி மாத்துறது, இன்டரப்டை நிறுத்துறது, பேஜ் டேபிளை மாத்துறது இதெல்லாம் சிப்போட வேலை, தனி ஃபோல்டருக்கு தூக்கிப் போடுங்க. பொது ஃபைல்குள்ள 'இந்த சிப்னா இந்த வரி'ன்னு இஃப்டெஃப் தெளிச்சு சமாளிக்காதீங்க, மூணாவது சிப் வரும்போது அழுவீங்க.

பேர் வைக்கிறதுலதான் நிறைய பேர் சறுக்குறாங்க. 'சிஆர்3ய செட் பண்ணு'ன்னு ஃபங்ஷன் வச்சா அது எக்ஸ்86 புத்தியேதான், 'இந்த அட்ரஸ் ஸ்பேஸுக்கு மாறு'ன்னு வைங்க. ஏன்னா சிஆர்3ல எழுதுனாலே டிஎல்பில (பேஜ் டேபிள்ல பாத்ததை சிப் ஞாபகம் வச்சுக்கிற இடம்) இருக்கிற பழைய என்ட்ரி பெரும்பாலும் தானா காலியாகிடும், ரிஸ்க்-ஃபைவ்ல அதே வேலைக்கு இருக்கிற சாட்ப் ரெஜிஸ்டர்ல எழுதுனா மட்டும் ஆகாது, காலி பண்ண எஸ்ஃபென்ஸ் இன்ஸ்ட்ரக்ஷன் தனியா போடணும், சாட்ப்லயும் முழு அட்ரஸ் போகாது, பேஜ் நம்பரும் மோடும் சேர்ந்துதான் போகும். இதெல்லாம் அந்த ஃபங்ஷனுக்குள்ளயே அடங்கிடணும், ஸ்கெட்யூலருக்கு தெரியவே கூடாது.

டிரைவரை சிப் ஃபோல்டர்ல போடறதும் தப்புங்க. எழுத்தை ஒன்னொன்னா வெளிய அனுப்புற 16550 சீரியல் போர்ட் சிப்பை எடுத்துக்குங்க, பிசில அது ஹெக்ஸ் 3எஃப்8ல இருக்கு, அதுல எழுத அவுட்ங்கிற தனி இன்ஸ்ட்ரக்ஷன் வேணும், க்யூஎமு எமுலேட்டரோட ரிஸ்க்-ஃபைவ் விர்ட் போர்டுல ஹெக்ஸ் 10000000ல மெமரி மாதிரியே எழுதலாம். ஆனா 5வது ரெஜிஸ்டர்ல 5வது பிட் 1 ஆகுற வரைக்கும் (அடுத்த எழுத்தை அனுப்பலாம்னு அர்த்தம்) காத்திருந்து 0வதுல எழுத்தை போடுற லாஜிக் ரெண்டுலயும் ஒன்னுதான். நம்ம ஊர் பஸ் மாதிரிதாங்க, ஒரே பஸ் ஜங்ஷன் ரோட்லயும் ஓடும், ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும். அதனால டிரைவர் ஒரே ஃபைல், ஒரு பைட் படிக்கிற எழுதுற ரெண்டு ஃபங்ஷன் மட்டும் மாறும். மெமரி பக்கம் 'ஒவ்வொரு தடவையும் நிஜமாவே போய் படி'ன்னு கம்பைலருக்கு சொல்ற வோலட்டைலை மறந்துடாதீங்க, நான் மறந்துட்டு ஒரு நாள் பூரா முழிச்சிருக்கேன், கம்பைலர் ஒரு தடவை படிச்சதை வச்சே லூப்ல சுத்திட்டு இருந்துச்சு.

எல்லாத்தையும் முன்னாடியே யோசிச்சு பெரிய இன்டர்ஃபேஸ் போட உக்காராதீங்க. லினக்ஸே 1991ல இன்டெல் 386 சிப்புக்குன்னு மட்டும் ஆரம்பிச்சதுதான், ஆல்ஃபா, மிப்ஸ், ஸ்பார்க்னு மத்த சிப் வகை சேந்தது 1995ல வந்த 1.2லதான். ரெண்டாவது சிப்புக்கு ஒரு காலி ஃபோல்டர் போட்டு பொது கோடை மட்டும் கம்பைல் பண்ணி லிங்க் பண்ணுங்க. கம்பைலர் கத்துற இடமெல்லாம் எக்ஸ்86 அசெம்ப்ளி ஒளிஞ்சிருக்கிற இடம். அதை வெளிய எடுத்தப்புறம் லிங்கர் 'அன்டிஃபைன்ட்'னு ஒரு லிஸ்ட் துப்பும் பாருங்க, நீங்க எழுத வேண்டியது அதுதான். தம்பிக்கு அந்த லிஸ்ட்ல 14 ஃபங்ஷன் வந்துச்சு, கன்சோலை முதல்ல எழுதுடா, அப்பதான் மத்தது எங்க செத்துச்சுன்னு பிரிண்ட் பண்ணி பாக்க முடியும்னு சொல்லி அனுப்புனேன்.