ரூயிபோஸ் டீ: கொதிக்க விடுங்க, ஒண்ணும் ஆகாது

முதல் தடவை ரூயிபோஸ் வாங்கிட்டு வந்து டின்னத் திறந்து பார்த்தப்போ, விளக்குமாத்துக் குச்சிய பொடிப்பொடியா உடைச்சு வச்சிருக்காங்கன்னுதான் நினைச்சேன். சுடுதண்ணில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்து குடிச்சா டேஸ்ட்டும் அப்படியே, ஊற வச்ச குச்சித் தண்ணி. டின்ன அலமாரி பின்னாடி தள்ளிட்டேன். தப்பு டீ மேல இல்ல, நான் போட்ட விதம்தான் தப்பு, அது புரியவே ஆறு மாசம் ஆச்சு.

முதல்ல இது என்னன்னு சொல்லிடுறேன். தேயிலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தென்னாப்பிரிக்காவுல மேற்கு கேப் பக்கம் செடர்பெர்க் மலையும் அத சுத்தின இடமும்தான் இதுக்கு ஊரு, நம்ம அவரை துவரை இருக்குற அதே குடும்பத்துச் செடி, இலை ஊசி மாதிரி இருக்கும். ரூயிபோஸ்னா அங்க பேசுற ஆப்ரிகான்ஸ் மொழில சிவப்புப் புதர். ஆனா செடி பச்சையாத்தான் இருக்கும், வெட்டி நசுக்கி தண்ணி தெளிச்சு குவிச்சு வச்சா உள்ளுக்குள்ளயே சூடேறி சிவந்து ஒரு இனிப்பு வாசனை வரும், அப்புறம் வெயில்ல பரப்பி காயப் போடுவாங்க. அங்க இருக்குற கொய், சான் மக்களோட அறிவு இது, அதுக்கு மரியாதையா விவசாயிக்கிட்ட வாங்குற விலையில 1.5 சதவீதம் அவங்களுக்குப் போகணும்னு 2019-ல ஒப்பந்தமே போட்டிருக்காங்க.

காஃபின் இயற்கையாவே கிடையாது, எடுத்துட்டு விக்கிறது இல்ல. டீய கசக்க வைக்கிற டானினும் கம்மி. இந்த ரெண்டாவது விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, செய்முறை முழுக்க இதுலதான் இருக்கு. சாதா டீத்தூள ரொம்ப நேரம் கொதிக்க விட்டா நாக்கு இழுத்துக்குற மாதிரி கசக்கும்ல, இது அப்படி ஆகாது. அதனால டீ போடுறோம்னு நினைக்காம கஷாயம் வைக்கிறோம்னு நினைச்சுக்கோங்க.

வாங்கும்போது பாக்கெட் பின்னாடி என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு படிங்க, சிலதுல கருப்பு டீயும் கலந்திருக்கும், அப்போ காஃபினும் வந்துடும். பச்சை ரூயிபோஸ்னு ஒண்ணு கிடைக்கும், அது சிவக்க விடாம காய வச்சது, புல்லு வாசனை அடிக்கும், புதுசா ஆரம்பிக்கிறவங்க சிவப்பே வாங்குங்க.

இப்போ அடுப்புக்கு வாங்க. ஒரு கப்புக்கு, அதாவது 200 மில்லி தண்ணிக்கு, ஒரு டீஸ்பூன் குவிச்சு எடுத்துக்கோங்க. தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது போட்டு, தீயக் குறைச்சு அஞ்சு நிமிஷம் விடுங்க. அடுப்புல வைக்க முடியலன்னா கொதிக்குற தண்ணிய ஊத்தி மூடி பத்து நிமிஷம் வைங்க. நிறம் பார்த்து ஏமாறாதீங்க, ஒரு நிமிஷத்துலயே செங்கல் கலர் வந்துடும், டேஸ்ட் அதுக்கு அப்புறம் மெதுவாத்தான் இறங்கும்.

வடிகட்டுறதுலதான் எல்லாரும் மாட்டுவாங்க. இலை ஊசி ஊசியா இருக்குறதால நம்ம சாதாரண டீ வடிகட்டில நழுவி கப்புக்குள்ள வந்துடும், கடைசி வாய் முழுக்க குச்சிதான். டீக்கடையில இருக்குற மாதிரி துணி வடிகட்டி இல்ல ரொம்ப சன்னக் கண்ணு வடிகட்டி வேணும். நான் பழைய வேட்டித் துணிய ரெண்டா மடிச்சு யூஸ் பண்றேன், நல்லா கசக்கி அலசினா கறை அவ்வளவா ஒட்டுறதில்ல.

பால் ஊத்தலாமான்னா தாராளமா ஊத்தலாம், தென்னாப்பிரிக்காவுலயும் நிறைய பேர் பால் சர்க்கரையோடதான் குடிக்கிறாங்க. ஆனா பால் டீக்குன்னா தூள் டபுளா போட்டு பத்து நிமிஷம் கொதிக்க விடுங்க, இல்லன்னா பால்தான் தெரியும். இஞ்சி போடுறவங்க தட்டின இஞ்சிய தண்ணியிலயே போட்டு நல்லா கொதிக்க விட்டு அப்புறம் பால் ஊத்துங்க, பச்சை இஞ்சி பால்ல விழுந்தா திரிஞ்சிடும். எனக்கு பிடிச்சது பால் இல்லாம ஒரு துண்டு பட்டையும் கொஞ்சம் எலுமிச்சையும்.

இதுக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கு, ஹனிபுஷ். அதே நாடுதான், லாங்க்லூஃப் பக்கத்து மலைகள்ல வளருது, பூவுல தேன் வாசனை வரும், அதான் அந்தப் பேரு. இதுலயும் காஃபின் பிரச்சனை இல்ல. இத இன்னும் நிதானமா, 15-20 நிமிஷம் சின்னத் தீயில வைங்க. முதல் வாய் சர்க்கரை போடாம குடிச்சுப் பாருங்க, பாதிப் பேருக்கு அப்புறம் சர்க்கரை தேவைப்படாது.

மிச்சமானா கொட்டிடாதீங்க. வடிகட்டி ஆற வச்சு பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜுல வச்சா மறுநாள் மத்தியானத்துக்கு ஐஸ் டீ ரெடி. மாத்திரை ரெகுலரா சாப்பிடுறவங்க, கர்ப்பமா இருக்குறவங்க தினமும் குடிக்கப் போறீங்கன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. வடிகட்டின சக்கையில இன்னொரு தடவை தண்ணி ஊத்தி கொதிக்க வச்சா பாதி டேஸ்ட்டாவது வரும், எங்க வீட்ல அந்த ரெண்டாவது கப்புக்குத்தான் சண்டையே.