"டாய்" என்று திட்டினால் என்ன செய்வது?

சுவரில் வரைந்து முடித்த கிராஃபிட்டி பீஸை, அதாவது வண்ணம் வண்ணமாக நிதானமாகப் போட்ட பெரிய வேலையை, படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், முதல் பதில் "டாய்" என்று ஒற்றைச் சொல்லில் வரும். உடனே திருப்பித் திட்டக் கை பரபரக்கும். வேண்டாம். முதலில் அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள்.

கிராஃபிட்டி வரைகிறவர்கள் தங்களை ரைட்டர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் வேலை முழுக்க எழுத்துதான், பெரும்பாலும் தாங்களே வைத்துக்கொண்ட பெயரின் நாலைந்து எழுத்துகள். டாய் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொம்மை என்று பொருள், இங்கே அது இன்னும் கை பழகாதவர், அல்லது இந்த வட்டத்தின் முறை தெரியாதவர். இரண்டும் வேறு வேறு குற்றச்சாட்டு. கை பழகவில்லை என்கிறார் என்றால் "எந்த எழுத்து?" என்று மட்டும் கேளுங்கள். வெறுமனே சீண்ட வந்தவர் அதோடு காணாமல் போய்விடுவார். விஷயம் தெரிந்தவர் என்றால் "ஆர் எழுத்தின் கால் மெலிந்து கிடக்கிறது, மற்ற எழுத்துகளின் பருமனோடு சேரவில்லை, நிழல் ஓர் எழுத்துக்கு இடப்பக்கமும் இன்னொன்றுக்கு வலப்பக்கமும் விழுகிறது" என்று சொல்வார். திட்டை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த எழுத்தை மட்டும் பிளாக்புக்கில், அதாவது உங்கள் பயிற்சி வரைபட நோட்டில், சலிக்கும் வரை திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். "படிக்கவே முடியவில்லை" என்று யாராவது சொன்னால் அதற்காக வருந்த வேண்டியதில்லை, நீங்கள் போட்டது வைல்ட்ஸ்டைல் என்ற சிக்கலான பாணி என்றால் எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடப்பதுதான் அதன் அழகே.

முறை தெரியவில்லை என்கிறார் என்றால் நிலைமை கொஞ்சம் பெரிது. டேக் (ஒரே இழுப்பில் போடும் கையெழுத்து) மேல் த்ரோ-அப் (வேகமாகப் போடும் உப்பலான எழுத்து) போடலாம், த்ரோ-அப் மேல் பீஸ் போடலாம், ஒரு நல்ல பீஸின் மேல் அவசரமாக ஒரு டேக் கிறுக்கினால் அது சண்டைக்கு அழைப்பு. இறந்துபோனவர் நினைவாக வரைந்ததைத் தொடவே கூடாது. நீங்கள் இதை மீறியிருந்தால் சாக்கு சொல்லாமல் "தெரியாமல் செய்துவிட்டேன், தவறுதான்" என்று எழுதுங்கள், அவ்வளவு போதும்.

சரி, இலக்கணத் திருத்தத்துக்கு வருவோம், ஏனென்றால் நல்ல வாதங்கள் பெரும்பாலும் இங்கேதான் நாசமாகின்றன. ஒருவர் ஆங்கிலத்தில் "நீ ஒரு டாய்" என்று எழுத நினைத்து, "யூ ஆர்" என்பதன் சுருக்கத்துக்குப் பதிலாகக் காதுக்கு அதே மாதிரி விழும் "யுவர்" என்ற சொல்லைப் போட்டுவிடுகிறார், அதாவது "உன்னுடைய ஒரு டாய்" என்று ஆகிவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வாத்தியார் வேலை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். அவர் உங்கள் எழுத்தைப் பற்றிச் சொன்னார், நீங்கள் அவருடைய எழுத்துப்பிழையைப் பற்றிச் சொன்னால் பதில் இல்லாமல் ஓடியதாகத்தான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அதோடு, உலகம் முழுக்க இருந்து வருகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியே அல்ல. ஒருவர் எழுதியதன் பொருள் உண்மையிலேயே புரியவில்லை என்றால் மட்டும் கேளுங்கள்.

சுவரில் இருக்கும் எழுத்துப்பிழை வேறு கதை. அங்கே திருத்தும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். "சி" வர வேண்டிய இடத்தில் "கே" போடுவதும், "எஸ்" இருக்க வேண்டிய இடத்தில் "இசட்" போடுவதும் தெரியாமல் செய்வதல்ல. "கே"க்குக் காலும் கையும் உண்டு, நீட்டலாம், வளைக்கலாம், பக்கத்து எழுத்தோடு கோக்கலாம், "சி"யை வைத்துக்கொண்டு அவ்வளவு செய்ய முடியாது. வடிவத்துக்காகப் பெயரின் எழுத்தையே மாற்றுகிற கலை இது. ஈக்வடாரின் கித்தோ நகரில் ஒரு சிறு குழு இரவில் சிவப்பு ஸ்பிரேயோடு போய்ச் சுவர் வாசகங்களில் விடுபட்ட காற்புள்ளிகளையும் உச்சரிப்புக் குறிகளையும் போட்டுவிட்டு வந்தது. வாசகத்துக்கு அது பொருந்தும், பீஸுக்குப் பொருந்தாது. ஒரு பீஸில் எழுத்து தவறாகத் தெரிந்தால் "வேண்டுமென்றே செய்தீர்களா?" என்று தனியாகக் கேளுங்கள். நிஜமாகவே ஓர் எழுத்தை விட்டிருந்தால் அவருக்கே அது முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கும், ஊரறியச் சொல்ல வேண்டாம்.

திட்டியே தீர வேண்டும் என்றால் எழுத்தாலேயே திட்டுங்கள். லண்டன் கேம்டனில், ரீஜென்ட்ஸ் கால்வாய் ஓரமாக, கிங் ராபோ என்ற பழைய ரைட்டர் 1985-இல் வரைந்த பீஸ் மேல் 2009-இல், முகம் காட்டாத தெருக்கலைஞர் பேங்க்ஸியின் வேலை ஒன்று வந்தது, ஒரு தொழிலாளி சுவர்க்காகிதம் ஒட்டுவது போல. ராபோ திரும்பி வந்து, அந்தத் தொழிலாளியே "கிங் ராபோ" என்று எழுதுவது போல மாற்றினார். அப்புறம் அந்த "கிங்"குக்கு முன்னால் மூன்றே மூன்று ஆங்கில எழுத்துகள் முளைத்தன, அரசன் கெட்ட வார்த்தையாகிவிட்டார். எனக்கு அந்தச் சண்டை பிடிக்காது, ஆனால் இரண்டு பக்கமும் சுவரிலேயே பேசியதை மதிக்கிறேன். 2011-இல் ராபோ தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தபோது அவருடைய பழைய பீஸின் உருவம் கறுப்பு வெள்ளையில் அதே சுவருக்குத் திரும்பி வந்தது. அவர் கண் விழிக்கவில்லை, 2014-இல் இறந்தார்.

எவ்வளவு கோபம் வந்தாலும் தாண்டக் கூடாத கோடு ஒன்று உண்டு: எதிராளியின் உண்மைப் பெயர், முகம், வீடு, வேலை எதையும் வெளியிடாதீர்கள். 1971-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிப் புகழ்பெற்ற நியூயார்க் ரைட்டர் டாக்கி 183, தான் குடியிருந்த தெருவின் எண்ணையே பெயரோடு ஒட்டிக்கொண்டார். இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது, நீங்கள் எழுதுவதைக் காவல்துறையும் படிக்கும். "அங்கே போட்டது நான்தான், முடிந்ததைச் செய்" என்ற வீராப்பு ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். படத்தை ஏற்றும் முன் அதில் பதிந்திருக்கும் இடத் தகவலை நீக்கிவிடுங்கள்.

"பைட் பண்ணிவிட்டாய்", அதாவது என் பாணியைத் திருடிவிட்டாய் என்று யாராவது சொன்னால் யாரைப் பார்த்துக் கற்றீர்களோ அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும்.

அப்படியும் அடங்கவில்லை என்றால் பேட்டிலுக்கு, அதாவது வரைந்து மோதும் போட்டிக்கு, கூப்பிடுங்கள். இருவருக்கும் ஒரே சொல், அதே எழுத்து எண்ணிக்கை, அனுமதி உள்ள சுவர், ஒரே நாள் கெடு. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு, மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை இருவரும் ஒரு வார்த்தைகூட எழுதாமல் இருப்பதாக முன்னாலேயே ஒத்துக்கொள்ளுங்கள்.