குதிரையை முதலில் பழக்கியது யார்? வாசிக்கும்போது வழுக்கும் இடங்கள்

"கஜகஸ்தானில், போத்தாய் என்ற இடத்தில், கி.மு. 3500 வாக்கில்." குதிரை வளர்ப்பு எங்கே தொடங்கியது என்று தேடினால் இன்றும் கிடைக்கிற பதில் இதுதான். இந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் குழம்பிக் கிடக்கின்றன. போத்தாய் மக்கள் குதிரை வளர்த்தார்களா? இன்றைய குதிரைகள் அவற்றின் வழிவந்தவையா?

இரண்டாவது கேள்விக்கு 2018-இல் விடை கிடைத்துவிட்டது: இல்லை. எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுவைப் பார்த்தபோது, போத்தாய்க் குதிரைகளுக்கு நெருங்கிய உறவு மங்கோலியாவின் பழக்கப்படாத பிரஷெவால்ஸ்கி குதிரைதான் என்று தெரிந்தது. இன்றைய குதிரைகளின் மூதாதைகள் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளிகளைச் சேர்ந்தவை என்று 2021-இல் வந்த ஆய்வு காட்டியது. கி.மு. 2200-ஐ ஒட்டித்தான் அவை நாலாபக்கமும் வேகமாகப் பரவின.

முதல் கேள்வியில்தான் சண்டை ஓயவில்லை. போத்தாயில் கிடைத்த எலும்புத் துண்டுகள் மூன்று லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய எல்லாமே குதிரை. அப்படியானால் வளர்த்திருக்கத்தானே வேண்டும்? அவசரப்பட வேண்டாம். குதிரையையே குறிவைத்து வேட்டையாடியவர்களின் குப்பைமேடும் இப்படித்தான் இருக்கும். எலும்பின் எண்ணிக்கை, என்ன தின்றார்கள் என்பதைச் சொல்லும். எப்படிப் பிடித்தார்கள் என்பதைச் சொல்லாது.

பானை ஓடுகள் சொல்வது வேறு கதை. ஓட்டுக்குள் ஊறிய கொழுப்பு இறைச்சியுடையதா, பாலுடையதா என்பதை ஹைட்ரஜன் ஐசோடோப்பை, அதாவது எடையில் வேறுபடும் ஹைட்ரஜன் அணுக்களை, வைத்துப் பிரித்தார்கள். அந்தப் புல்வெளியில் கோடை மழைக்கும் குளிர்காலப் பனிக்கும் எடை கூடிய ஹைட்ரஜனின் அளவு மாறும். பால் கறப்பது கோடையில் என்பதால், கோடை நீரின் அடையாளம் பால்கொழுப்பில் தங்கிவிடுகிறது. 2009-இல் வந்த இந்த ஆய்வு, பெண்குதிரையிடம் பால் கறந்தார்கள் என்றது. என் கணக்கில் போத்தாய்க்கு ஆதரவான வலுவான வாதம் இதுதான். ஆனால் பிறகு அங்கே இரண்டு பேரின் பற்காரையைச் சோதித்தபோது பால் புரதம் எதுவும் சிக்கவில்லை. இரண்டே பேர் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது பல். கடிவாளத்தைக் கடித்துக் கடித்துக் கீழ்முன்கடைவாய்ப் பல்லின் முன்விளிம்பு தேயும், 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தேய்ந்திருந்தால் சவாரிக் குதிரை என்று ஓர் அளவுகோல் வைத்தார்கள். உக்ரைனில் நீப்பர் ஆற்றங்கரையில் உள்ள தெரீவ்காவில் கிடைத்த ஓர் ஆண்குதிரையின் மண்டை ஓட்டில் இந்தத் தேய்மானம் இருந்தது. குடியிருப்பு சுமார் 6,000 ஆண்டு பழையது, ஆகவே சவாரியும் அவ்வளவு பழையது என்று பாடநூல்கள் வரை போய்விட்டது. அப்புறம் அந்த எலும்பையே கார்பன் தேதியிட்டுப் பார்த்தால் கி.மு. 700-200! பிற்காலத்தில் யாரோ தோண்டிய குழி பழைய மண்ணடுக்குக்குள் இறங்கியிருந்தது. சுற்றியுள்ள மண்ணின் வயதை எலும்பின் வயதாக எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் மிகவும் விலை உயர்ந்த தவறு. அளவுகோலும் தப்பவில்லை: மனிதக் கை படாத பனியுகக் குதிரைகளின் பற்களிலும் இதே மாதிரித் தேய்மானம் இருப்பதை 2021-இல் எடுத்துக்காட்டினார்கள்.

கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் மேய்ச்சல் நடத்திய யாம்னயா மக்கள் குதிரையேறி வந்து ஐரோப்பாவைப் பிடித்தார்கள் என்ற கதையும் அடிக்கடி கண்ணில் படும். கி.மு. 3000 வாக்கில் அவர்கள் மேற்கே நகர்ந்தது உண்மை. அவர்களிடம் மாட்டு வண்டி இருந்தது. சிலருடைய இடுப்பு, தொடை எலும்புகளில் சவாரியின் தழும்பு தெரிகிறது என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. அதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் மனிதர்களின் மரபணு ஐரோப்பாவுக்குள் பரவிய அளவுக்கு அந்தக் காலத்தில் புல்வெளிக் குதிரைகளின் மரபணு பரவவில்லை. ஒருசிலர் குதிரை ஏறியிருக்கலாம், சரி. குதிரைப்படை என்பது கற்பனை. ஆரக்கால் சக்கரம் வைத்த தேர்கூட யூரல் மலைக்குத் தெற்கே சிந்தஷ்தா கல்லறைகளில் கி.மு. 2000-ஐ ஒட்டித்தான் தென்படுகிறது.

யாம்னயா வீரனுக்குச் சேணமும் அங்கவடியும் (ஏறிக் கால் வைக்கும் வளையம்) மாட்டி வரைந்த படம் போட்ட கட்டுரை என்றால், மேற்கொண்டு படிக்காமலே மூடிவிடலாம். அங்கவடி வர இன்னும் 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.