வெல்டிங் பட்டறையில் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள

வெல்டிங் வைக்கும்போது முகத்தை மறைக்கும் கருப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டு பிடிக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் வைத்து முடித்து ஷீல்டைத் தூக்கிவிட்டு சுத்தியலால் ஸ்லாக்கை, அதாவது வெல்டிங் மேல் படியும் கசடைத் தட்டுகிறோமே, அப்போது கண் முன்னால் எதுவுமே இல்லை. சூடான துண்டு முகத்துக்குத்தான் தெறிக்கும். அதனால் ஷீல்டுக்கு உள்ளேயே ஒரு வெள்ளை சேஃப்டி கண்ணாடி எப்போதும் இருக்கட்டும். பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்காக, பக்கவாட்டில் மறைப்பு உள்ளதாக, ஐ.எஸ். 5983 என்ற இந்தியத் தரக் குறி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பவர் கண்ணாடி போட்டிருந்தால் அதற்கு மேலேயே மாட்டும் வகை கிடைக்கிறது.

ஷீல்டில் இருக்கும் கருப்புக் கண்ணாடியில், எவ்வளவு கருப்பு என்று காட்டும் நம்பர் உண்டு. கேஸ் கட்டிங்குக்கு 5 மாதிரி போதும், கரண்டில் வைக்கும் ஆர்க் வெல்டிங்குக்கு ஆம்பியரைப் பொறுத்து 10 முதல் 12 வரை வேண்டும். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

ஹெல்பரை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு இதுதான் ஆத்திரம். பைப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார், ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரிந்து தூக்கமே வராது. வெல்டிங் வெளிச்சத்தில் இருக்கும் புறஊதாக் கதிர் வேலையைக் காட்ட 6 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. அவருக்கும் தனி ஷீல்டு கொடுங்கள். எரிச்சலுக்கு உருளைக்கிழங்கு, தாய்ப்பால் எதுவும் வேண்டாம், மரத்துப்போகும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி விடவும் வேண்டாம், அது காயம் ஆறுவதைத் தடுக்கும். டாக்டரிடம் காட்டுங்கள்.

இரும்பைத் தேய்க்கும் கிரைண்டருக்கு கண்ணாடியும் வேண்டும், அதற்கு மேல் ஃபேஸ் ஷீல்டும் வேண்டும். ஷீல்டு மட்டும் இருந்தால் தாடைக்குக் கீழே புகுந்து பொறி மேலே வரும். மெஷினில் டிஸ்க்கை மறைக்கும் கார்டு தகட்டைக் கழற்றாதீர்கள். டிஸ்க்கில் போட்டிருக்கும் ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண், மெஷினுடையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது, இருந்தால் டிஸ்க் உடைந்து பறக்கும்.

அப்படியும் இரும்புத்தூள் கண்ணில் ஒட்டிக்கொண்டால் தேய்க்காதீர்கள், துணி நுனி, தீக்குச்சி என்று எதையும் உள்ளே விடாதீர்கள். ஒரு நாள் தாமதித்தாலே கருவிழியில் துரு வளையம் பிடிக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் அதையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டிவரும். குத்தி நிற்கிறது என்றால் கழுவவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம், மேலே அழுத்தாமல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆசிடோ தின்னரோ பட்டால் மட்டும் முதல் வேலை தண்ணீர்தான், குழாயடியில் 15 முதல் 20 நிமிடம் விடாமல்.

கண்ணாடியை உங்கள் காசில் வாங்க வேண்டியதில்லை, இப்படிப்பட்ட வேலைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டியது முதலாளிதான். கீறல் விழுந்து மங்கிப்போனால் தயங்காமல் புதிது கேளுங்கள்.