மாடியில் சோலார் போடும் முன்: விமானிக்குக் கண் கூசுமா என்று நாமே பார்ப்பது எப்படி

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் எங்கள் குடியிருப்பு. மாடியில் சோலார் போடலாம் என்று பேச்சு வந்ததுமே மூன்றாவது மாடி அங்கிள் கேட்டார்: "தலைக்கு மேலேயே விமானம் இறங்குதேம்மா, பைலட்டுக்குக் கண் கூசாதா?" நியாயமான கேள்வி. இதைப் பெருமளவு நாமே பார்த்துவிடலாம்.

முதலில் ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்திலிருக்கும் பழைய விமான நிலையமான எச்.ஏ.எல்.லின் ஓடுபாதை எண் 09/27, அதாவது திசைகாட்டியில் 90 டிகிரியும் 270 டிகிரியும், கிழக்கு மேற்காக. தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு சர்வதேச விமான நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் அப்படித்தான். விமானம் வழக்கமாக 3 டிகிரி சரிவில் இறங்கும், ஓடுபாதை முனைக்கு 3 கிலோமீட்டர் முன்னால் அது தரையிலிருந்து சுமார் 170 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும்.

அடுத்தது வெயில். உச்சிவெயில் பேனலில் பட்டு மேலே போய்விடும், இறங்குகிற விமானத்தின் பக்கம் வராது. கவனிக்க வேண்டியது சூரியன் தாழ்ந்திருக்கும் நேரம்: காலையில் ஒளி மேற்கே தெறிக்கும், மாலையில் கிழக்கே. நம்ம ஊர் மாடிகளில்தான் ஏற்கெனவே சோலார் ஹீட்டர் இருக்கிறதே, காலை ஏழு மணிக்கு அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். எங்கள் மாடியில் எதிர்க் கட்டடத்தின் சுவரில், காயப்போட்ட துணிக்குச் சற்று மேலே, ஒரு வெளிச்சப் பட்டை விழும், வெயில் ஏற ஏற அது நகர்ந்து மேலே போய்விடும். அந்தப் பட்டை போகும் திசையை நீட்டினால் விமானம் இறங்கும் பாதையில் முட்டுகிறதா என்று பாருங்கள். கண்ணாடியைக் கையில் பிடித்து வானத்தை நோக்கிச் சோதிக்கவே வேண்டாம், அது விமானிக்கு ஆபத்து.

பேனலின் வேலையே ஒளியை விழுங்குவதுதான். வெறும் கண்ணாடிப் பரப்பில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம்தான் திரும்பும், ஆனால் 80 டிகிரி சாய்வாக விழுந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திரும்பிவிடும். அதனால் எதிரொளி தடுக்கும் பூச்சும் சொரசொரப்பான கண்ணாடியும் உள்ள பேனலாகக் கேட்டு வாங்குங்கள்.

என் கணக்கில் விமானியைவிடக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத்தான் கவலை அதிகம். விமானி அந்த இடத்தைச் சில நொடிகளில் கடந்துவிடுவார், கோபுரத்தில் இருப்பவர் அதே ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார். 2012ல் அமெரிக்காவின் மான்செஸ்டர் விமான நிலையத்தில் வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல் வைத்த பேனல்கள் கோபுரத்தில் இருந்தவர்களின் கண்ணைக் கூசவைக்க, முதலில் தார்ப்பாய் போட்டு மூடி, பிறகு கிழக்கே திருப்பி வைத்தார்கள். அந்த நாட்டின் விமானத்துறை 2021ல் வெளியிட்ட கொள்கையும், இறங்கும் விமானிக்குப் பேனல் தருவது பெரும்பாலும் ஏரியும் கண்ணாடிக் கட்டடமும் தரும் கூச்சம் போன்றதுதான் என்று சொல்லி, கோபுரத்தின் மேல் கவனத்தை வைத்தது. ஆக, மாடியிலிருந்து கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் சும்மா விடாதீர்கள். ஒப்பந்தக்காரரிடம் வருடம் முழுக்க நிமிடவாரியாகக் கணக்கிடும் கண்கூச்ச ஆய்வு கேளுங்கள், விமான நிலையத்துக்கும் எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் உயரம். மாடியில் நடமாட இடம் வேண்டும் என்று பத்தடிக் கம்பி நட்டு அதன் மேல் பேனல் போடுகிறார்கள். அந்தப் பத்தடியும் கட்டட உயரத்தில் சேரும். உங்கள் பகுதி எந்த விமான நிலையத்தின் எல்லைக்குள் வருகிறதோ அவர்கள் தந்த உயர அனுமதிக் கடிதத்தை எடுத்து, தண்ணீர்த் தொட்டி, மின்னல் தாங்கி எல்லாம் சேர்த்து அளந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.